காணாமல் போன பன்னிரண்டு கிலோ

என் இரண்டாவது அக்காவின் கடைசி மகன், ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் எல்லோரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் போனான். விழுந்திருந்தால் சொல்லியிருப்பேன். விழவில்லை. புதுப் பலகையின் மேல் துடுப்பைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றான். நின்றபடியே, லிஃப்டில் கீழ்த்தளத்துக்குப் போகிறவன் மாதிரி இறங்கினான். முதலில் பாதம் மறைந்தது. பிறகு கணுக்கால். முழங்காலுக்கு வந்ததும் பலகை ஒரு பக்கம் நழுவியது, தலையும் போய்விட்டது. துடுப்பு மட்டும் மேலே மிதந்தது.

அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய அப்பா, "மாப்பிள்ளை எங்க?" என்றார். பலகை செய்து கொடுத்த பெண் என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மூழ்கக் கூடாதே," என்றாள். "சித்தி, அது மூழ்கவே கூடாதே!"

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவன் லாரி ஓட்டினான், அடுத்த இரண்டும் பெண்கள், இரண்டுமே தையல். இவன் கடைசி. பல்செட் செய்கிற வேலை. பல் டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார், இவன் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து மெழுகில் பல் அடுக்கி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பான். தலைமுடி அகலம் கூடினாலும் அந்தப் பல் ஈறில் குத்தும். "அளவு தப்பினா சாப்பிடவே முடியாது சித்தி," என்பான். இருபத்தாறு வருடமாக அளவிலேயே பிழைத்தவன். இது ஏன் சொல்கிறேன் என்றால், அவன் வீட்டிலேயேதான் இந்தக் கூத்து நடந்தது.

உட்கார்ந்தே வேலை செய்ததில் உடம்பு பெருத்து, முழங்கால் பிடித்துக்கொண்டது. டாக்டர், எடை எண்பத்தைந்துக்குக் கீழே இருக்க வேண்டும், தண்ணீரில் ஏதாவது செய் என்றார். நின்றுகொண்டு துடுப்புப் போடுகிற பலகை ஒன்று வாங்கினான். பதினோரு அடி ஆறு அங்குலம், அகலமோ அகலம். பார்த்தவர்கள் அதற்குக் கட்டில் என்று பேர் வைத்தார்கள். அதில் நின்று டீ குடிக்கலாம், அவ்வளவு ஆடாமல் நிற்கும். முதலில் அமைதியான தண்ணீரில் சுற்றினான். பிறகு ஆசை வந்து, கட்டிலையே அலைக்குக் கொண்டுபோனான்.

அங்கேதான் வினை. அவனுக்கு ஒரே மகள், மருந்துக் கடையில் வேலை. சின்ன வயதிலிருந்தே அலையில் சறுக்குகிறவள். அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்குவது அந்த வீட்டில் ஒரு கொண்டாட்டம். போன வருடம் ஒரு நாள் இவன் கட்டிலோடு ஒரு அலையைப் பிடித்தான். மகள் எதிரே இருந்தாள். இவன் திருப்பப் பார்த்தான். பதினோரு அடிப் பலகை நினைத்த இடத்தில் திரும்புமா? நேராகப் போய் அவள் இடது புருவத்தில் இடித்தது. ஐந்து தையல். இன்றைக்கும் அந்த இடத்தில் முடி இல்லை, புருவம் இரண்டு துண்டாக நிற்கிறது.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. தையல் பிரித்த அன்றைக்கு ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"நீ தண்ணில இருக்கும்போது இனிமே நான் இறங்கமாட்டேன்பா."

சொன்னபடியே செய்தாள். அவன் காலையில் போனால் அவள் மாலையில் போவாள். அவன் பலகையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால் கரையேறிவிடுவாள். பத்து மாதம் இப்படி. இவன் இளைத்துப் போயிருக்க வேண்டும், மனக்கவலைக்கு. ஆனால் சாப்பாட்டில் மட்டும் குறை வைக்கவில்லை. "எண்பத்துநாலுதானே இருக்கேன்," என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வான்.

அப்படித்தான் சின்னப் பலகை ஆசை வந்தது. சின்னது சட்டென்று திரும்பும். திரும்புகிற பலகை இருந்தால் மகள் மறுபடி இறங்குவாள், அவ்வளவுதான் அவன் கணக்கு. பலகை செய்கிற பெண்ணிடம் போனான். அவள், "ஒரேயடியா வேண்டாம்ணே. பத்தடிக்கு வாங்க, அப்புறம் ஒன்பது. படிப்படியா இறங்குங்க," என்றாள். இவன் கேட்டால்தானே?

"எட்டடி. அதுக்கு மேல ஒரு அங்குலம் வேண்டாம்."

"சரி. எடை சொல்லுங்க."

அந்தப் பலகைகளை லிட்டரில்தான் அளப்பார்களாம். எத்தனை லிட்டரோ, அத்தனை கிலோவைத்தான் தண்ணீர் மேலே தாங்கும். ஆள் எடை, பலகை எடை, நனைந்த உடுப்பு, எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் விட்டுச் செய்ய வேண்டும். இவன் நெஞ்சை நிமிர்த்தி, "எண்பத்துநாலு. இன்னைக்குக் காலையில பாத்தது," என்றான். அவள் நூற்றுநான்கு லிட்டருக்குச் செய்துகொடுத்தாள்.

அந்தப் பலகைதான் சனிக்கிழமை மூழ்கியது.

அன்றைக்கு ஒன்பது தடவை ஏறினான். ஒன்பது தடவையும் அதே லிஃப்டுப் பயணம். தண்ணீரில் இருந்த பையன்கள் சும்மா இருப்பார்களா? "அண்ணே, கட்டில வித்துட்டு ஸ்டூல் வாங்கிட்டீங்களா?" என்று ஒருவன் கத்தினான். "நீர்மூழ்கிக் கப்பல்டா!" என்றான் இன்னொருவன். மகள் தூரத்தில் மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரைக்கு வந்தவனிடம் பலகைக்காரி கேட்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க எடை நிஜமா என்ன?"

"என் வீட்டு மெஷின் பொய் சொல்லுமா? நீதான் தங்கச்சி எங்கயோ அளவ விட்டுட்ட."

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பார்சல் ஆபீஸ் இருந்தது. வண்டியை அங்கே நிறுத்தச் சொன்னாள். மூட்டை நிறுக்கிற பெரிய இரும்புத் தட்டு. பலகையை முதலில் வைத்தாள். ஏழு கிலோ. அவள் சொன்ன அதே ஏழு. "தட்டு சரியா இருக்கா? இப்ப நீங்க ஏறுங்க," என்றாள். கவுண்டரில் இருந்தவர், "இவர எங்க அனுப்பணும்?" என்று கேட்டார். இவன் ஈர உடுப்பைக் கழற்றிவிட்டு, பனியனும் கால்சட்டையுமாக ஏறினான்.

தொண்ணூற்றாறு.

இவன் இறங்கி, மறுபடி ஏறினான். தொண்ணூற்றாறு. செருப்பைக் கழற்றினான், கைக்கடிகாரத்தைக் கழற்றினான். தொண்ணூற்றாறிலிருந்து முள் நகரவே இல்லை. அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாசலில் போகிற வண்டிகளை எண்ணுகிற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் நேராகக் குளியலறைக்குப் போனான். நாங்கள் எல்லோரும் பின்னால் போய் வாசலில் நெருக்கியடித்து நின்றோம். அந்த வீட்டு எடை மெஷின் பழைய வகை, வட்டமாக முள் சுற்றுகிறது. அதன் மேல் எப்போதும் அழுக்குத்துணிக் கூடை இருக்கும். அவனுடைய பழக்கம் எல்லோருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கூடையைத் தள்ளுவான், கண்ணை மூடிக்கொண்டே ஏறுவான், மூச்சை இழுத்துப் பிடித்து, பிறகுதான் பயந்து பயந்து குனிந்து பார்ப்பான். இறங்கினதும் அவன் மனைவி கூடையைத் திரும்ப வைத்துவிடுவாள். தலைமுடி அகலத்தை அளக்கிறவன், யாரும் ஏறாதபோது அந்த முள் எங்கே நிற்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

இப்போது கூடையைத் தூக்கினான். காலி மெஷின். முள் பூஜ்யத்தில் இல்லை. பூஜ்யத்துக்குப் பன்னிரண்டு கோடு பின்னால் நின்றது.

"யாரு இத திருப்புனது?"

அவன் மனைவி பதில் சொல்வதற்குள் அவளுடைய அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். மனிதர் அவர்களோடுதான் இருக்கிறார், ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர்.

"அப்ப நான் சாகப் போறதில்லையா?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மெள்ள மெள்ளச் சொன்னார். இரண்டு வருடமாக ஒவ்வொரு மாதமும் அந்த மெஷினில் ஏறியிருக்கிறார். எழுபது இருந்தவர் அறுபத்தேழு, அறுபத்துமூன்று, கடைசியில் ஐம்பத்தெட்டு. உள்ளுக்குள் ஏதோ பெரிய வியாதி தின்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். டாக்டரிடம் போகவில்லை, போனால் பேர் சொல்லிவிடுவாரே என்ற பயம். யாரிடமும் மூச்சு விடவில்லை. கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாகக் கடிதம் எழுதி, பழைய சண்டைகளுக்கு மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருக்கிறார்.

"ஏம்பா, சட்டையெல்லாம் உங்களுக்கு இறுக்கமாத்தானே இருந்துச்சு?" என்று அவன் மனைவி கேட்டாள்.

"துவைச்சுத் துவைச்சுச் சுருங்கிடுச்சுன்னு நெனச்சேன்மா. ஆள் கரையறான், சட்டை அத விட வேகமாக் கரையுதுன்னு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள். டாக்டர் எண்பத்தைந்து என்று சொன்ன புதிதில், முள் கொஞ்சம் தாண்டினாலும் இவன் இரண்டு நாள் சாப்பிட மாட்டான். ஒரு தடவை வேலை அறையில் மெருகேற்றும் சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தான், கை நூலிழையில் தப்பியது. அன்றைக்குத்தான் மெஷினுக்குக் கீழே இருந்த சின்னத் திருகை இரண்டு கிலோ பின்னால் தள்ளியிருக்கிறாள். இவன் நிம்மதியாகச் சாப்பிட்டான். எடை ஏறியது. மறுபடி திருகினாள். இவன் இன்னும் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

"எங்க நிறுத்தறதுன்னு தெரியலங்க," என்றாள். "அப்பாவும் அதுலதான் ஏறுறார்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அவன் கோபப்படுவான் என்று பார்த்தேன். குளியலறைத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை மூழ்கினவன் மாதிரி இருந்தது முகம். பிறகு, "அந்தப் பலகைய திருப்பிக் குடுத்துடுறேன். கட்டிலே எனக்குப் போதும்," என்றான்.

கட்டில் என்ற வார்த்தையைக் கேட்டதும் மகள் உள்ளே வந்தாள். அதுவரை வராந்தாவில் நின்றவள்.

"அப்பா, நீ அதுல ஏறி ஏன் நிக்கிற?"

"நிக்காம?"

"நூத்துநாலு லிட்டர்ல உன்னால சும்மா நிக்க முடியாது. ஓடினா மிதக்கும். முட்டி போட்டுத் துடுப்புப் போடு, பலகை வேகம் எடுத்ததும் எழுந்திரு, எழுந்ததும் நிறுத்தாதே. துடுப்பு தண்ணிய விட்டு வெளியவே வரக் கூடாது. அதுதான் உனக்கு மூணாவது கால்."

பத்து மாதத்தில் அவள் அவனிடம் பலகையைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். எடை, மெஷின், பொய் எல்லாம் அந்த நிமிடத்தில் அவனுக்கு மறந்துபோனதைக் கண்ணால் கண்டேன்.

அடுத்த ஆறு வாரம் அவன் விழுந்த விழுகைக்குக் கணக்கில்லை. மகள் மணலில் நின்று கத்துவாள். "துடுப்பு! துடுப்பு எங்க?" "கால ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வை, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்காதே!" கத்துவாளே தவிர, தண்ணீரில் கால் நனைக்க மாட்டாள். அவனும் கூப்பிடவில்லை. வீட்டில் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கூடையை வேறு மூலைக்கு மாற்றினார்கள். மாமனார் தினமும் எழுபத்தொன்று, எழுபத்தொன்று என்று பாடிக்கொண்டே குளித்துவிட்டு வந்தார். இவன் தொண்ணூற்றுமூன்றுக்கு வந்திருந்தான், ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்காமல்.

ஏழாவது வாரம், ஞாயிறு காலை. இவன் வெளியே அலைக்குக் காத்திருந்தான். சும்மா காத்திருக்க முடியாதே, சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தான். நானும் அவன் மனைவியும் மணலில். திடீரென்று மகள் தன் பலகையை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். நேராகத் தண்ணீரில் இறங்கினாள்.

"பாத்தீங்களா அத்தை? இறங்கிட்டா," என்று அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷப்படக்கூட நேரம் இல்லை. அவனுக்குப் பின்னால் பெரிதாக ஒன்று எழும்பியது. முட்டி போட்டான், இழுத்தான், எழுந்தான். பலகை அலையில் இறங்கியது. மகள் அவனுக்கு நேர் எதிரே, போன வருடம் இருந்த அதே மாதிரி, பலகையில் குப்புறப் படுத்திருந்தாள்.

"நகருடீ!" என்று அவன் மனைவி கத்தினாள். நானும் கத்தினேன். அவளுக்குக் கேட்காமல் இருக்காது. அவள் நகரவில்லை. ஒதுங்க இடம் இருந்தது, நேரமும் இருந்தது. முகத்தை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

அவன் துடுப்பை வலது பக்கம் ஊன்றி, பின்கால் மேல் பாரத்தைப் போட்டான். தொண்ணூற்றுமூன்று கிலோவும் அந்தக் காலில் இறங்கியிருக்கும். பலகை, கதவு திறக்கிற மாதிரிச் சட்டென்று திரும்பியது. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கை அகலம். தண்ணீர் அவள் முகத்தில் அடித்தது, அவன் தாண்டிப் போய்விட்டான். போய், அந்தப் பக்கம் விழுந்தான்.

கரைக்கு வந்தபோது அவனால் நிற்க முடியவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டான். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பலகைக் கயிற்றைக் காலிலிருந்து கழற்றினாள்.

"ஏன்டீ நகரல?" என்றான்.

"வேணும்னுதான்."

"வேணும்னா?"

"நீ திரும்புவியான்னு பாக்கணும்."

அவன் மனைவி, "அடிப்பாவி!" என்று அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் மகளின் இடது புருவத்தைப் பார்த்தான். அந்த முடியில்லாத கோட்டில் தண்ணீர் நின்றது.

"திரும்பலேன்னா என்ன பண்ணியிருப்ப?"

"இந்தப் பக்கமும் அஞ்சு தையல் போட்டு, ரெண்டையும் சரியாக்கியிருப்பேன்," என்றாள். சொல்லிவிட்டுக் கயிற்றை மறுபடி காலில் கட்டத் தொடங்கினாள். "எந்திரிப்பா. அலை நல்லா வருது."

அவன் எழுந்திருக்க மூன்று தடவை முயற்சி பண்ணினான். மூன்றாவது தடவை அவள்தான் கையைக் கொடுத்து இழுத்தாள். தொண்ணூற்றுமூன்று கிலோ லேசாக வருமா?