ஓட்டியவர் பெயர்

லைசன்ஸை வாங்கி வரத்தான் அந்த வியாழக்கிழமை முதலாளி வீட்டுக்குப் போனேன்.

ராஜபாளையத்தில் மில்லுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிற எங்களைப் போன்றவர்கள், வேலைக்குச் சேருகிற அன்றே அசல் லைசன்ஸை முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். அப்படி ஒரு சட்டம் எங்கும் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு. என் விஷயத்தில் அந்தப் பயத்தில் தப்பில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போர்வெல் தோண்டுகிற போர் வண்டியில் ஆந்திரா, சத்தீஸ்கர் என்று அலைந்தேன். பிறகு நாக்பூர் ஆரஞ்சு லாரி, அதன் பிறகு தூத்துக்குடி உப்பு லாரி. எங்கேயும் முழுதாக இரண்டு வருடம் இருந்ததில்லை. கையில் எப்போதும் ஜெராக்ஸ்தான். அசல் எவனாவது ஒருவனுடைய மேஜை டிராயரில் கிடக்கும்.

இந்த முறை அசல் தேவைப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்ட ஆள் தேடினார்கள். ஓட்டிக் காட்டினேன். பிடித்துவிட்டது. திங்கட்கிழமை லைசன்ஸோடு வந்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை எனக்கு. படிவத்தை முன்னாலேயே வாசிக்கக் கொடுத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். கனரக வண்டியில் ஐந்து வருட அனுபவம், கண் பரிசோதனை, போலீஸ் சான்று. நான்காவது வரியில், அதிவேகத்துக்காக ஒரு தடவைகூட வழக்குப் பதிவாகியிருக்கக் கூடாது என்று இருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருபத்திரண்டு வருடமாக என் லைசன்ஸில் ஒரு கீறல் கிடையாது. பெரிய சாதனை ஒன்றும் இல்லை. போர் வண்டியை எவ்வளவு மிதித்தாலும் ஓடாது. உப்பு லாரி மேட்டில் நடந்துதான் ஏறும்.

அந்த வேலை எனக்குச் சம்பளத்துக்காக மட்டும் வேண்டியிருக்கவில்லை. என் மனைவி ஒன்றரை வருடமாகச் சுந்தரபாண்டியத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. நான் எப்போது வருவேன், எப்போது போவேன் என்று தெரியாமல் இருந்து இருந்து அலுத்துப்போய்விட்டாள். பள்ளிக்கூட வண்டி என்று போனில் சொன்னபோது, "ஒரு எடத்துல நிக்கிற வேலை. கிடைச்சா சொல்லுங்க, வாரேன்" என்றாள். அவள் வாயிலிருந்து "வாரேன்" வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

முதலாளி டிராயரை இழுத்தார். ரப்பர் பேண்ட் போட்ட லைசன்ஸ் கட்டு இருந்தது. அதற்கு மேலே மடித்த ஒரு காகிதம். லைசன்ஸை எடுக்காமல் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"இதப் பாத்துட்டு அதக் கேளு."

நோட்டீஸ். எங்கள் வேனின் படம். மூன்று வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை, காலை ஐந்து நாற்பத்தெட்டு. மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கு தாண்டியதும் வருகிற நேர் ரோடு. அனுமதித்த வேகம் அறுபது, வந்த வேகம் எண்பத்தேழு. கீழே ஒரு கட்டம்: வாகனத்தை ஓட்டியவர் பெயர், ஓட்டுநர் உரிம எண். அந்தக் கட்டத்தில் பென்சிலால் என் பெயர் எழுதியிருந்தது.

"அண்ணாச்சி, இது நான் இல்ல."

"நீ இல்லன்னா அவன். எவனா இருந்தா என்னப்பா? அவன் மேல ஏற்கெனவே ஒன்னு கிடக்கு. இன்னொன்னு விழுந்தா ஆர்.டி.ஓ. ஆபீசுல மூணு மாசம் லைசன்ஸ நிறுத்தி வச்சிருவாக. உன்னுது சுத்தமா இருக்கு. கூப்பிட்டு நாலு வார்த்தை பேசி விட்டாலும் விட்டுருவாக. அபராதத்த நான் கட்டிருதேன்."

"இம்புட்டு வருசம் சுத்தமா வச்சிருந்தது இதுக்குத்தானா?"

"பொறவு? கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டவா?"

யார் லைசன்ஸ் சுத்தமாக இருக்கிறதோ அதில் கேஸை ஏற்றுவது எங்கள் தொழிலில் நடப்பதுதான். வேறு ஆட்களுக்கு நடந்தபோது நானும் வாயை மூடிக்கொண்டு நின்றவன்தான். இப்போது பள்ளிக்கூட வேலையைச் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னதும் அவர் முகம் மாறியது.

"ஓ, போறதுக்கு வழி பாத்தாச்சு. என்கிட்ட எப்ப சொல்றதா இருந்த? நெல்லூரு தாண்டுன பொறவா?"

"ஸ்ரீவில்லிபுத்தூருதான் அண்ணாச்சி."

"சரி. சனிக்கிழமைக்குள்ள நீயும் அவனும் பேசி ஒரு பேரைச் சொல்லுங்க. சொல்லலன்னா பென்சில் மேலயே பேனாவ ஓட்டி அனுப்பிருவேன்."

'அவன்' என்று நாங்கள் சொன்னது அந்த வேனின் இன்னொரு டிரைவரை. ஆலங்குளத்துக்காரன், முப்பது வயது இருக்கும். காலை டிரிப்பை நானும் அவனும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். கிழமைக் கணக்கெல்லாம் கிடையாது. எவன் முதலில் எழுந்தானோ அவன் ஓட்டுவான். அதனால் அந்தப் புதன்கிழமை யார் என்று சொல்ல இருவராலும் முடியாது. ஆனால் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்பத்தேழில் போகிற ஆள் நான் இல்லை.

டீக்கடையில் அவனைப் பிடித்தேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"ஏலே, புதன்கிழமை என்ன ஏரோப்ளேனா ஓட்டுன?"

"எந்தப் புதன்கிழமைண்ணே?" என்று கேட்டு, நான் போனில் எடுத்து வந்திருந்த நோட்டீஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கண்ணாடியில் வெளிச்சம் அடித்து, ஓட்டுகிறவன் முகம் தெரியவில்லை. "ஞாபகம் இல்லண்ணே. நீங்க இம்புட்டு வேகமா போவ மாட்டீங்க. அப்ப நாந்தான். போடச் சொல்லுங்க."

"மூணு மாசம் போயிரும்லே உனக்கு."

"எங்க ஊருப் பக்கம் குவாரில ஏதாவது வேலை கிடைக்கும். கல்லு சுமக்கதுக்கு லைசன்ஸ் கேக்க மாட்டாக. நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போங்க. மதினி வீட்டுக்கு வரட்டும்."

டீ காசை அவனே கொடுத்துவிட்டுப் போனான். நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் அவன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்கு உறுத்தியது. தப்பு செய்தவன் முதலில் இல்லை என்பான், பிறகு வேறு கதை சொல்வான், கடைசியில்தான் இறங்கி வருவான். நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

மில் கேட்டில் ஒரு நோட்டு உண்டு. வேன் எண், வந்த நேரம், எத்தனை தலை, டிரைவர் கையெழுத்து. கேட் அடைக்கும்முன் வந்ததற்கு அதுதான் சாட்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ச்மேனிடம் போய், நான் வந்த நாட்களைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொன்னேன்.

"வெளிய எடுத்துட்டுப் போவக் கூடாது. இங்கனயே நின்னு பாரு" என்று நோட்டைத் தந்தார்.

பக்கங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். அவன் கையெழுத்து இரண்டு கோடும் ஒரு புள்ளியும், தூரத்திலிருந்தே தெரியும். புதன்கிழமைப் பக்கத்தில் அந்தப் புள்ளியைத்தான் என் கண் தேடியது. எங்கள் வேன் எண்ணுக்கு நேராக ஐந்து ஐம்பத்து நான்கு, பதினான்கு தலை என்று இருந்தது. பக்கத்தில் என் பெயர். ஒவ்வொரு எழுத்தாக, விலகி விலகி, நான்தான் எழுதியிருந்தேன்.

அந்தப் பதினான்கைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்தது. மம்சாபுரத்தில் பதின்மூன்று பேர் ஏறிவிட்டார்கள், ஒருத்தி வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மாத்திரை கொடுத்துவிட்டு வருவாள் என்றார்கள். நின்றேன். ஏழு நிமிடம். தலையைக்கூட முடியாமல் ஓடி வந்து ஏறினாள். உள்ளே இருந்தவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏட்டி, ஒன்னால அம்புட்டு பேரும் திரும்பிப் போவணுமா?" ஐந்து ஐம்பத்தைந்துக்கு மில் கேட் அடைத்துவிடுவார்கள். அதன் பிறகு வந்தால் அன்றைய ஷிப்டு கிடையாது. பின்னாலிருந்து யாரோ, "அண்ணே, மிதிங்கண்ணே" என்றார்கள். மிதித்தேன். வேகம் காட்டுகிற முள்ளைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிடைச்சுதா?" என்றார் வாட்ச்மேன்.

"கிடைச்சுது" என்று நோட்டை மூடிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை டிரிப்பை ஆலங்குளத்துக்காரன் ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நோட்டை இனி எவனும் புரட்டப் போவதில்லை. வாட்ச்மேன் மறந்திருப்பார். இவனே ஒத்துக்கொண்டான், நான் கெஞ்சக்கூட இல்லை. வழியெல்லாம் இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தேன். முதலாளி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோதும் என் வாயில் இருந்தது அவன் பெயர்தான்.

"பேசியாச்சா?" என்றார் முதலாளி.

"ஆச்சு."

ரப்பரை எடுத்து என் பெயரை அழித்தார். தூளை ஊதித் தள்ளினார். உள்ளே பார்த்து, அவர்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கில் ஏதோ கேட்டார். அவர் மகள் பேனா கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். எண்ணைப் பார்த்து எழுதுவதற்காக லைசன்ஸ் கட்டிலிருந்து ஆலங்குளத்துக்காரனுடையதை உருவி மேஜையில் வைத்தார். அதில் அவன் படம் இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் எடுத்தது. மீசை சரியாக முளைக்கவில்லை. படத்துக்காகச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தான்.

"முழுப் பேரு சொல்லு."

"பழைய பேரே இருக்கட்டும் அண்ணாச்சி."

"எந்தப் பேரு?"

"இப்ப அழிச்சீகளே, அது."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மூளை கீளை கலங்கிருச்சா?"

"கேட் நோட்டுல என் கையெழுத்து இருக்கு."

"நோட்ட எவன் பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேன்."

முதலாளி பேனாவை மறுபடி எடுத்தார். என் பெயரைப் பேனாவால் எழுதினார். என் லைசன்ஸை எடுத்துத் தந்தபோது, "இதத்தானே வியாழக்கிழமையே எழுதி வச்சிருந்தேன்" என்று முணுமுணுத்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நோட்டீசுக்கு எழுதிய பதில் போய்ச் சேர்ந்து, அது பதிவேட்டில் ஏற எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் வேலை கிடைத்திருக்கும். ஆனால் வருடத்தின் நடுவில் ஒருநாள் அது தெரியவந்து, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற பஸ்ஸிலிருந்து என்னை இறக்கிவிடுவார்கள். நான் நிறைய வண்டிகளிலிருந்து இறங்கியவன். அப்படி இறங்கியது கிடையாது.

வண்டிகளைக் கவனிக்கிற சிஸ்டரிடம் நான்காவது வரியைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். படிவத்தை வாங்கி மேஜையில் வைத்தார்.

"அந்த அம்மாவுக்காக ஏழு நிமிஷம் நின்னீங்க. நல்லது. அந்த ஏழு நிமிஷத்தை ரோட்டுல பிடிக்கணும்னு யார் சொன்னது?"

பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது என்று அவரிடம் சொல்ல முடியுமா?

"எங்க பிள்ளைங்களும் லேட்டாத்தான் வரும். ஒருத்தனுக்கு ஷூ கிடைக்காது, ஒருத்தி சாப்பிட மாட்டா. தினமும் ஏழு நிமிஷம் போகும். வண்டி குடுக்க முடியாதுங்க. மன்னிச்சிருங்க." படிவத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

அங்கிருந்து நேராகச் சுந்தரபாண்டியத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் பாதியில் வைத்துவிடுவாள்.

மனைவி நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"கிடைச்சுதா?"

"இல்ல."

மிஷின் நின்றது. நோட்டீஸிலிருந்து சிஸ்டர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே நூலைப் பல்லால் கடித்தாள்.

"சிஸ்டருகிட்ட நீங்களாவே சொன்னீகளா?"

"ஆமா."

"இத்தன வருசத்துல என்கிட்ட ஒரு நெசம் சொல்ல வாய் வரல. வெள்ளைச் சேலையப் பாத்ததும் வந்துருச்சாக்கும்."

அவள் தைத்த துணியை உதறி மடித்தாள்.

"லைசன்ஸ் என்ன ஆவும்?"

"கூப்பிட்டு விசாரிப்பாக. எச்சரிக்கையோட விடலாம். இல்லாட்டி மூணு மாசம் நிறுத்தி வைப்பாக."

"நிறுத்தி வச்சா?"

"வண்டி எடுக்க முடியாது."

"நாக்பூரு?"

"முடியாது."

"அந்த போர் வண்டி?"

"எதுவும் முடியாது. இங்கனயே கிடக்க வேண்டியதுதான். குவாரி, கட்டட வேலைன்னு எதையாவது பாக்கணும்."

அவள் அடுத்த துணியை ஊசிக்குக் கீழே வைத்தாள். விளிம்பைச் சரிசெய்ய அவளுக்கு வெகு நேரம் ஆனது.

"எச்சரிக்கையோட விட்டாலும் விட்டுருவாக, மொத கேஸுதானே" என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

"நிறுத்தட்டும்" என்றாள். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.