இரண்டாவது இருக்கை

“பொங்கல், 1972. இருவர் போகலாம்.” பீரோவில் கிடைத்த மாதிரி விமானத்தின் இறக்கைக்கு அடியில் அக்காவின் பென்சில் எழுத்து. முகர்ந்தேன்; சிம்னி விளக்கின் கரிவாசம் இன்னும் போகவில்லை.

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த உலகப்போர்க் கால ஹரிக்கேன் சண்டை விமானத்தின் மாதிரி அது. அதில் ஓட்டுபவருக்கு மட்டுமே இடம்.

“ஏலே, அப்ப நான் எங்க உக்கார?” என்று அன்று அக்கா கேட்டாள்.

“நீ கீழ நின்னு டாட்டா காட்டு.”

“எனக்கு எடமில்லேன்னா உன் பிளேனு திருச்சுழியத் தாண்டாது, பாத்துக்க!”

பிளந்துவிடுமோ என்ற பயத்தோடு பிளேடால் அதன் முதுகை அறுத்தேன். தீப்பெட்டி அட்டையில் இன்னொரு இருக்கை செய்து, கழுவிய எக்ஸ்ரே பிலிமால் மூடினேன். போருக்குப் போய் வந்ததுபோல் தெரிய, அக்கா புகைக்குழாய்களில் விளக்குக்கரியும் சக்கரங்களில் கரிசல் மண்ணும் பூசினாள்.

ரெண்டு பேர் உட்காரும் ஹரிக்கேன் நிஜமாகவே போருக்குப் போயிருக்குமா என்று இன்று அக்காவிடம் போனில் கேட்டேன். “நாமதானலே அதுல போனோம்,” என்றாள்.

இரட்டை இருக்கை ஹரிக்கேன் எதுவும் போரில் பறந்ததா என்பதை மட்டும் என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.