தறி நின்ற நேரம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் தெருப்பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிறவர்கள் நாங்கள் மூன்று பேர். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. விட்டுத் தொலைக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். முடியவில்லை. யார் வீட்டில் பூனை குட்டி போட்டாலும் அட்டைப்பெட்டி என் வாசலுக்குத்தான் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக் குளியலறைதான் ஆபரேஷன் ஆன பூனைகளுக்கு வார்டு. பூனை இருக்கும் நாட்களில் என் கணவர் அண்ணன் வீட்டுக்குக் குளிக்கப் போவார். போகும்போது கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்துவார்.

ஒரு வெள்ளைப் பூனையைச் செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் பிடித்தேன். கால்நடை டாக்டர் அதன் வயிற்று முடியை மழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பால் இருக்கேம்மா. குட்டி எங்க?"

"நல்லாத் தேடிட்டேன் சார். ஒரு சத்தமும் இல்ல."

தேடியது உண்மைதான். இருபது தறி ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே கேட்காது என்பதுதான் என் மண்டையில் உறைக்கவில்லை. டாக்டர் என்னை நம்பி ஆபரேஷனை முடித்தார்.

மறுநாள் செட்டியார்பட்டியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். தறி ஓட்டும் பெண் போன் செய்தாள்.

"யக்கா, தறி நின்ன பொறவுதான் கேக்குது. நூல் மூட்டைக்குப் பின்னால குட்டிக கத்துது. கை எட்டல. வாரியளா?"

தையல் காயாத பூனையை வெளியே விட முடியாது. கொண்டுபோகாவிட்டால் குட்டிகள் செத்துப்போகும். கூண்டோடு ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

மூட்டைகளுக்கு எதிரே கூண்டை வைத்ததும் பூனை ஒருமுறை குரல் கொடுத்தது. அவ்வளவுதான். முகமெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஒரு குட்டி வந்தது, பின்னாலேயே இன்னொன்று. கூண்டுக் கதவைச் சற்றே தூக்கிப் பிடித்தேன். இரண்டும் தாமாகவே உள்ளே போய் மடியை முட்டின. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் பூனை பால் கொடுத்துக்கொண்டே மூட்டைப் பக்கம் பார்த்துக் கத்தியது. நிறுத்தவே இல்லை. உள்ளே இன்னும் ஒன்று இருக்கிறதோ? மூட்டையில் காதை வைத்தேன். ஏதோ கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது.

"இந்த மூட்டைய எறக்க முடியுமா?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"ஆளில்லம்மா. சரிஞ்சா மேல விழுந்துரும். வியாழக்கிழமை லாரி வரும்போதுதான் எறக்குவோம்."

அன்று திங்கள். செத்த நேரம் பொறுங்கள் என்று நான் சொல்வதற்குள் கரண்டு வந்துவிட்டது. தறிகள் ஓட ஆரம்பித்தன. போன் செய்த பெண் மட்டும் தன் இரண்டு தறிகளையும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மற்றப் பதினெட்டும் ஓடின. கூண்டுக்குள் பூனையின் வாய் திறந்து திறந்து மூடுவதுதான் தெரிந்தது.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அதன் குரல் திரும்பக் கேட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை கேட்டது.