கூடைக் கயிறும் இரண்டு மில்லிமீற்றரும்

இக்குறிப்பில் நான் அளந்தவற்றையும் நேரில் கேட்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். தாடைச் சத்திரசிகிச்சை செய்தால் எலும்பு பழைய இடத்துக்கே ஓடிவிடும் என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பேச்சு உண்டு. அதை நம்பிச் சிகிச்சையைக் கைவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். ஆகவே சரிபார்க்காத எதையும் சேர்க்கவில்லை.

ஹற்றன் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் பற்சீரமைப்பு வைத்தியராக இருந்தேன். அங்கே என்னிடம் வந்த செல்வராணி, பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். கீழ்த்தாடை பின்தங்கியிருந்ததால் அவருடைய முன்பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. ரொட்டியைக் கடிக்க முடியாது. சத்திரசிகிச்சையில் தாடையெலும்பை இருபுறமும் பிளந்து, முன்னகர்த்தி, தகடு வைத்துத் திருகினார்கள். புதிய கடிப்பு நிலைக்கும்படி, மேல், கீழ்ப் பற்கம்பிகளுக்கிடையே ரப்பர் வளையங்களை மாட்டினேன்.

எட்டாம் வாரத்து எக்ஸ்ரேயைத் தாளில் வரைந்து, சத்திரசிகிச்சை முடிந்தவுடன் எடுத்த வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். தாடை இரண்டு மில்லிமீற்றர் பின்வாங்கியிருந்தது. முன்பற்கள் மீண்டும் விலகியிருந்தன.

“ரப்பரைக் கழட்டி வச்சிட்டீங்களா?”

“சோறு திங்கிறப்ப மட்டுந்தாங்க டாக்டர். நான் வாயத் தொறந்து சண்டை போட முடியலன்னு எங்க வீட்டுக்காரருக்குத்தான் நிம்மதி.” சிரித்தவர், வரைபடத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “மறுபடி வெட்டுவீங்களா? வெட்டுறதா இருந்தா நான் வரமாட்டேங்க. இப்பவே சொல்லிட்டேன்.”

அப்போதுதான் அவர் உச்சியில் முடி அழுந்திய தடத்தைக் கண்டேன்.

“இது என்ன?”

“கூடைக் கயிறுங்க. முதுகுக் கூடையோட கயித்தத் தலையிலதான மாட்டுவோம். ஒரு மாசத்துலயே வேலைக்குப் போயிட்டேன்.”

“பாரமான வேலை வேணாம்னு சொன்னேனே?”

“கொழுந்து பறிக்கிறது என்னங்க பாரம்? தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்டுற ஆம்பளைங்க வேலதான் பாரம்.”

அவருடைய பையின் வாரைத் தலையில் மாட்டி, குனிந்து நடந்து காட்டச் சொன்னேன். கழுத்து விறைத்தது, கன்னத் தசை புடைத்தது.

“மேட்டுல ஏறுறப்ப பல்லக் கடிச்சுக்கிட்டுத்தாங்க ஏறணும்,” என்றார்.

தவறு என்னுடையது. வேலையின் பெயரைக் கேட்டேன். அதை உடம்பு எப்படிச் செய்கிறது என்று கேட்கவில்லை. தலையில் கயிறிட்டுச் சுமக்கக் கூடாது என்று தோட்ட அலுவலகத்துக்குத் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். அவருக்கு நாற்றுமேடையில், சுமை தூக்காத வேலை கிடைத்தது. ரப்பரின் இழுப்புத் திசையை மாற்றினேன். நான்கு மாதத்தில் முன்பற்கள் சேர்ந்தன. மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. அடுத்த முறை ரொட்டியொன்றைக் கொண்டுவந்து என் முன்னே கடித்துக் காட்டினார்.

கடைசி வரைபடத்தில் எலும்பு அந்த இரண்டு மில்லிமீற்றரை மீட்கவில்லை. மேலும் இழக்கவும் இல்லை. நகர்ந்து ஈடுசெய்தவை பற்களே. அதன்பின் சுமை தூக்கும் எந்த நோயாளியையும், சுமக்கும் விதத்தை நடந்து காட்டச் சொல்லாமல் நான் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

தாடையைப் பின்தள்ளியது கயிறா, பல்லைக் கடித்ததா, ஓய்வில் இருந்திருந்தாலும் அது அவ்வளவு பின்வாங்கியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது.