பக்க எண்ணோடு ஒரு மனு

என் அத்தா பத்திர எழுத்தர். தரங்கம்பாடிப் பக்கம் யார் நிலம் கைமாறினாலும் சர்வே எண், நான்கெல்லை எல்லாம் அவர் கையால்தான் எழுதப்படும். ஓர் எழுத்து பிசகாது. அந்தப் பெருமையால் வந்த வினைதான் இது.

கல்யாணமான கையோடு என்னைக் கட்டிய மச்சான் சவூதிக்குப் போய்விட, நான் அத்தா, அம்மா வீட்டில் இருந்த காலம். எங்கள் பக்கத்து நெல் வயல்களை இறால் பண்ணைக்காக யார் யார் எப்படி வளைத்துப்போட்டார்கள் என்று புட்டுப்புட்டு வைத்த ஒரு நாவல் அப்போது வெளிவந்தது. எங்கள் கிளை நூலகத்துக்கும் ஒரு பிரதி வந்தது. எதிலும் ஒத்துப்போகாத கட்சிக்காரர்கள், பள்ளிவாசல் ஆட்கள், கோயில் ஆட்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்தை அங்கிருந்து எடுத்தாக வேண்டும் என்பதில் மட்டும் ஒன்றாகிவிட்டார்கள். மனு எழுத அத்தாவைப் பிடித்தார்கள்.

அவரும் எழுதினார். யாரோ குறித்துக்கொடுத்த துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு, பொய் என்று அவர்கள் சொன்ன இடங்களையெல்லாம் பக்க எண், வரி எண்ணோடு பத்திரம் மாதிரியே எழுதித் தள்ளிவிட்டார். கையெழுத்து வாங்குவதற்காக அது ஜெராக்ஸாகி வீடுவீடாகப் போனது. மறுநாளே நூலகத்தில் கூட்டம். நூலகப் படி ஏறியே அறியாதவர்கள்கூட மனுவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் புரட்டினார்கள். அடுத்த வாரம் மச்சான் போனில் சிரித்தார்.

"நீங்க அனுப்புன ஊறுகா பாட்டில அந்த ஜெராக்ஸ்லதான் சுத்தியிருக்கு. பக்க நம்பர் வந்துட்டு, புத்தகம் எங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூலகர் எனக்கு மட்டும் அந்தப் புத்தகத்தைத் தர மறுத்திருந்தார்.

"மனு எழுதுனவரு வீட்டுக்கே குடுத்தா வம்பும்மா. வேணாம்" என்றார்.

ஊரே படிக்கிறது, எனக்கு மட்டும் தடையா? கோபம் தலைக்கேறியது. மத்தியானம் சோற்றில் கைவைத்த அத்தாவிடம் கேட்டேவிட்டேன்.

"தாய்ப்பத்திரம் பாக்காம கிரயம் எழுதுவீங்களா அத்தா?"

"எவன் எழுதுவான்?"

"அப்ப புத்தகத்தப் படிக்காம மனு மட்டும் எழுதலாமா?"

அத்தா பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவினார். அம்மா என்னை முறைத்தார். ஒரு மனுஷரை நிம்மதியாகச் சாப்பிடவிடவில்லையே என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் கேட்டது தப்பென்று தோன்றவில்லை.

நாலு நாள் மத்தியானம் அத்தா வேலையைப் போட்டுவிட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள், மனுவை மயிலாடுதுறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக ஆட்கள் வந்தார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"பொய்னு எழுதிக் குடுத்துட்டேன். பொய் இல்லங்க. அந்தப் பண்ணைப் பத்திரமெல்லாம் நான் எழுதுனது, எனக்குத் தெரியாதா? புத்தகம் அங்கேயே இருக்கட்டும். மனு வேணும்னா வேற ஆளப் பாருங்க."

வந்தவர்கள் கத்திவிட்டுப் போனார்கள். வேறு ஆள் யாரும் அகப்படவில்லை, அல்லது அவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும். புத்தகம் நூலகத்திலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் அத்தா வெளியே போய்த் திரும்பி வந்து, அந்தப் புத்தகத்தை என் மடியில் வைத்தார். தன் நூலகக் கார்டில் எடுத்திருந்தார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதுல பத்திரம் எழுதுற ஆளு ஒருத்தன் வர்றான். எல்லாம் தெரிஞ்சும் வாயத் தொறக்கமாட்டான்" என்றார். "நீ படிம்மா. படிச்சிட்டு, நானும் அப்படித்தானான்னு சொல்லு."