பொடக்காலியில் ஒரு ஆறுமணிக்குருவி

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் துணியின் நிறம் பார்ப்பது என் வேலை. சாயமேறி வரும் ரோல்களை விளக்குப் பெட்டிக்குள் வைத்து, வெளிநாட்டுக்காரர் அனுப்பிய மாதிரித் துணியோடு ஒப்பிட்டு, "இதுல ஒரு பொட்டு சிவப்பு கூடப் போச்சுங்க" என்று திருப்பி அனுப்புவேன். இருபத்தைந்து வருஷமாக அதையே செய்கிற கண்ணுக்குப் பறவையெல்லாம் எம்மாத்திரம் என்ற நினைப்பில்தான் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன்.

விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அந்தக் குழுவை நடத்திவந்தார். எல்லோரும் அவரை வாத்தியார் என்றே சொல்வோம். சேர்ந்த மூன்றாம் நாள், உடலெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு பறவையை எங்கள் வேப்பமரத்தில் படம் எடுத்து, "நம் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் கழுகு" என்று எழுதி அனுப்பினேன். வாத்தியாரிடமிருந்து பதில் வந்தது: "நல்ல படமுங்க. பெண் குயிலுங்க."

அதோடு நான் அடங்கியிருக்கலாம். அடுத்த வாரம் குன்னத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, உழுது போட்ட காட்டில் மண்ணோடு மண்ணாக ஒரு பக்கி படுத்திருப்பதைப் பார்த்தேன். பக்கி இரவில் திரியும் பறவை; பகலில் அசையாமல் கிடக்கும், கண்டுபிடிப்பது கஷ்டம். கிட்டப் போனால் பறந்துவிடுமே என்று வரப்பிலேயே குப்புறப் படுத்து, பட்டு வேட்டி பாழாக, பதினெட்டுப் படம் எடுத்தேன். குழுவில் இருந்த ஒரு நர்சம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதினார்: "சார், அதுல வார் தெரியுதுங்க. செருப்புங்க."

ஆக, ஐப்பசியில் ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுப் பின்புறம், நாங்கள் பொடக்காலி என்று சொல்லும் இடத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சருகில் நிஜமாகவே ஒரு ஆறுமணிக்குருவி தத்தியபோது, என் பேச்சுக்கு ஊரில் என்ன மரியாதை இருந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் ரத்தச் சிவப்பு, கண்ணைச் சுற்றி மை தீட்டியது போலக் கறுப்பு. இமயமலை அடிவாரத்திலிருந்து குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். போனை எடுத்துப் படம் பிடிப்பதற்குள் குருவி பப்பாளி மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. படத்தில் ஒரு பச்சைத் தீற்றல் மட்டும் இருந்தது.

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பக்கத்துக் கம்பெனி வேஸ்ட்டு துணி காத்துல பறந்து வந்திருக்குமுங்க" என்றாள். படத்தை அனுப்பியதும் குழுவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது, கொஞ்சம் மரியாதையாக. ஒருவர் மட்டும் "இந்த முறை எந்தக் கால் செருப்பு?" என்று கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கு எங்கூட்டுக்கு வாங்க. கண்ணால காட்டறேன்" என்று எழுதிவிட்டேன்.

எழுதிய பிறகுதான் பயம் பிடித்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் குருவியைக் காணோம். சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தக் குருவியின் குரலை இணையத்திலிருந்து இறக்கினேன். என் மகளின் சின்ன புளூடூத் ஸ்பீக்கரை என் போனோடு இணைத்து, செப்டிக் டேங்க் மூடிக்குப் பின்னால் குரோட்டன்ஸ் செடிக்குள் ஒளித்து வைத்தேன். தன் இனத்தின் குரலைக் கேட்டால் குருவி வெளியே வரும், அவ்வளவுதான் என் எண்ணம். யாரையும் ஏமாற்றும் திட்டம் இல்லை என்று அப்போது சத்தியம்கூடச் செய்திருப்பேன்.

ஞாயிறு விடியலில் மூன்று பேர் வந்தார்கள். வாத்தியார், நர்சம்மா, காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர். மில்காரர் கேமராவை ஒரு கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தார். வாத்தியாருக்கு முழங்கால் வலி. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தார். ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, சட்டைப் பையில் கையை விட்டுப் போனை அமுக்கினேன்.

'வீட்... டியூ.'

செடிக்குள்ளிருந்து தெளிவான இரட்டை விசில். மில்காரர் பாய்ந்து கேமராவைத் தூக்கினார். நர்சம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டு எத்தனை வருசமாச்சுங்க தம்பி" என்றார் மெதுவாக. "இந்த வயசுல என்ற காதுல இன்னும் விழுகுதே, அதே பெருசுங்க."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், ஆனால் வந்தது வேறு. "தினமும் இந்நேரத்துக்குக் கூப்பிடுமுங்க அய்யா" என்றேன்.

மில்காரர் அதற்குள் குழுவில், "கேட்டுவிட்டோம்! சந்தேகப்பட்டவர்கள் எல்லாம் மன்னிப்புக் கேட்கவும்" என்று போட்டுவிட்டார். என் பையில் போன் பாராட்டுகளால் அதிர ஆரம்பித்தது. குரல் மறுபடி கேட்டது. வாத்தியார் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் நான் பப்பாளி மரத்தைப் பார்த்தேன்.

அப்போது செடி மணியடித்தது.

சாயப்பட்டறை சூப்பர்வைசரின் அழைப்பு. அலறிப் புடைத்துப் போனை வெளியே எடுத்து, துண்டிக்கிற பொத்தானை அமுக்குவதாக நினைத்து, எடுக்கிற பொத்தானை அமுக்கிவிட்டேன். ஆறுமணிக்குருவி இருந்த புதருக்குள்ளிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது:

"சார், அந்த நேவி புளூ ரெண்டாவது லாட்டு ஷேடு மாறி அடிக்குதுங்க சார். அனுப்பட்டுங்களா, நிறுத்தட்டுங்களா?"

"சார்? லைன்ல இருக்கீங்களா சார்?" என்று புதர் மறுபடி கேட்டது.

முதலில் சிரித்தது நர்சம்மா. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, குனிந்து குனிந்து சிரித்தார். மில்காரரும் சேர்ந்துகொண்டார். காப்பித் தட்டோடு வந்த என் வீட்டுக்காரி, "உள்ள யாருங்க, ஆள் ஒளிஞ்சிருக்குதுங்களா?" என்று புதரைப் பார்த்துக் கேட்டாள். வாத்தியார் சிரிக்கவில்லை.

"அப்ப நான் கேட்டது அதுதானுங்களா?" என்றார்.

"ஆமாங்க அய்யா" என்றேன். அவர் காப்பியைக் குடித்து, நல்லாயிருக்குது என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நர்சம்மா வாசலில் வண்டியை எடுக்கும்போது, இப்போது சிரிக்காமல், சொன்னார்: "அத்தன தூரம் பறந்து களைச்சு வர்ற குருவிங்க சார். இந்தக் குரலக் கேட்டா, இங்க இன்னொன்னு இடம் புடிச்சிருக்குதுன்னு நெனச்சு, வந்ததும் போயிருமுங்க. இனி இப்படிச் செய்யாதீங்க."

அன்று மத்தியானம் குழுவில் பாராட்டு இன்னும் வந்துகொண்டிருந்தது. வந்த மூன்று பேரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் போயிற்று. நடந்ததை முழுதாக எழுதினேன். ஸ்பீக்கர், செடி, நேவி புளூ எதையும் விடவில்லை. குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று முடித்து, அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், மில்காரர் எழுதியிருந்தார். எல்லோரும் மெச்சிய அவருடைய மீன்கொத்திப் படத்தில், அந்த மீனை அவரே வாங்கித் தொட்டியில் விட்டாராம். அதன் கீழே நர்சம்மா: தன் பறவைப் பட்டியலில் இருக்கும் ஒரு ஆந்தையைத் தன் கணவர்தான் பார்த்தாராம், தான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாராம். செருப்புக் கேள்வி கேட்டவர், அவிநாசிப் பக்கக் குளத்தில் தான் பார்த்ததாகச் சொன்ன இருநூறு வாத்து உண்மையில் நாற்பதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

கடைசியில், பொழுது சாயும் நேரம், வாத்தியாரின் குரல் பதிவு வந்தது.

"மாணவர்களக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போவனுங்க. சில நாள் ஒண்ணுமே கண்ணுல படாது. பசங்க முகம் வாடிருமுங்க. சும்மா ஒரு மரத்தக் காட்டி, 'அதா, இப்பத்தான் பறந்துது, பாக்கலியா'ம்பேன். எல்லாரும் பாத்தேம்பாங்க. நோட்டுல எழுதிக்குவாங்க." கொஞ்ச நேரம் இருமல். "தம்பி, நீங்க எங்கயும் போகாதீங்க. ஆனா நான் இன்னும் அந்தக் குருவியக் கேக்கலீங்க. அடுத்த ஞாயிறு வாரனுங்க."

வந்தார். மற்ற இருவரும் வந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஏழு தவிட்டுக்குருவி, இரண்டு மைனா, ஒரு காக்கை. கம்பெனிக் கூரையின் மேல் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. வாத்தியார் திரும்பி, "அது என்னங்க தம்பி?" என்றார்.

நான் நன்றாகப் பார்த்துவிட்டு, "தெரியலீங்க அய்யா" என்றேன்.