பரணுக்கு வந்த வெயில்

மகன் கட்டிய புது வீட்டில் சமையலறைக்கு மேலே பரண் இருக்கிறது. அதை அவர்கள் லாஃப்ட் என்கிறார்கள். போன மாதம் மருமகள் அதற்குள் ஒட்டுவதற்கு ஒரு பாட்டரி விளக்கு வாங்கி வந்தாள். கை வைத்தால் எரிகிறது. "சீப்பா கிடைச்சுதுங்கத்தே" என்றாள். நல்ல விளக்குதான். ஆனால் நான் அதைவிடச் சல்லிசாக ஒரு பரணுக்கு வெளிச்சம் கொண்டுவந்தவள். நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே ஓர் ஊரில் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்தோம். நிலம் பெரிய பண்ணையுடையது. குத்தகைக்காரனை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. ஆனால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டால் அந்தச் சட்டம் நமக்குத் துணைக்கு வராது. பண்ணையின் வரவு செலவைப் பார்த்த காரியக்காரர் அதற்காகத்தான் காத்திருந்தார். ஊருக்கு ஊர் விவசாயச் சங்கத்துக் கொடி ஏறி, அறுப்புக் களத்தில் போலீஸ் வந்து நின்ற காலம் அது.

முந்தின வருஷம் எங்கள் விதைநெல்லில் பாதியை எலி தின்றுவிட்டது. விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து, வைக்கோலைத் திரித்த பிரி சுற்றி உருண்டையாகக் கட்டி, மேலே சாணி மெழுகிப் பரணில் ஏற்றுவோம். விதைக்கோட்டை என்று பெயர். எங்களுடையது தாழ்ந்த ஓட்டு வீடு. மூங்கில் பிளாச்சு பரப்பிய அந்தப் பரணில் பட்டப்பகலிலும் நம் கையே நமக்குத் தெரியாது. எலி பின்பக்கமாகத் துளைத்திருந்ததை, விதைக்க இறக்கியபோதுதான் பார்த்தோம். குறைந்த விதைக்குப் பண்ணை வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. காரியக்காரர் கொடுத்துவிட்டு, "அடுத்த வருஷம் இங்க வந்து நிக்காதே" என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

ஆக, அந்த வருஷம் கோட்டைகளைத் தினமும் பார்த்தாக வேண்டும். விதை போனால் குறுவைச் சாகுபடி போகும். அப்புறம் நிலம் போகும்.

சிம்னி விளக்கை மேலே கொண்டுபோக மாமியார் விடவில்லை. "வைக்கோலுக்கு நடுவுல நெருப்பா? எலி தின்னா பாதி போவும். இது முச்சூடும் போவும்டி" என்றார். வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகிற டார்ச் லைட் ஒன்று இருந்தது. பாட்டரி தீர்ந்தால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். கொஞ்சம் மினுங்கிவிட்டுச் செத்துப்போகும். கண்ணாடி ஓடு பதிக்கலாமென்றால் தஞ்சாவூர் போய் வாங்க வேண்டும், ஓடு பிரிக்க ஆள் வேண்டும். அறுப்புப் பணம் கையில் வரும் முன்னே அதற்கெல்லாம் வழியில்லை.

முதலில், பொங்கலுக்குக் கரைத்ததில் மிஞ்சிய சுண்ணாம்பைப் பரணை ஒட்டிய சுவரிலும், ஓட்டைத் தாங்கும் சட்டங்களிலும் அடித்தேன். இருட்டு கொஞ்சம் வெளுத்தது. கோட்டை எது, பானை எது என்று தெரிந்தது. எலி ஓட்டை தெரிய அது போதவில்லை.

ஒரு நாள் காலையில் பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கொல்லையில் சாய்த்து வைத்திருந்தேன். அதில் பட்ட வெயில் கொல்லைக் கதவு வழியே உள்ளே போய் அடுப்படிச் சுவரில் நடுங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு போய், கல்யாணத்துக்கு என் அம்மா கொடுத்த முகம் பார்க்கும் கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றினேன்.

"அதை எங்கடி தூக்கிட்டுப் போற? உடைஞ்சுதுன்னா குடும்பத்துக்கு ஆவாது."

"உடையாம நீங்களே பிடிங்கத்தே."

காலி எண்ணெய் டின் ஒன்றைப் பிரித்து, தட்டி நிமிர்த்தி, பரணுக்கு மேல் சாய்வாக ஆணியடித்தேன். மாமியார் கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கண்ணாடியை மடியில் சாய்த்துப் பிடித்தார். வெயில் கதவுக்குள் புகுந்து, டின்னில் பட்டு, பரண் முழுக்கப் பரவியது. கோட்டையில் சுற்றிய பிரி ஒவ்வொன்றும் தெரிந்தது.

"போதுமாடி?"

"இன்னும் கொஞ்சம் மேலத்தே."

"சூரியனுக்கு ஓட்டுப் போட்டதுக்கு இதுவாவது கிடைச்சுதே!"

பரணில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் இதுதான் முதல் வேலை. ஒரு கோட்டையில் எலி பல் வைத்ததை அன்றைக்கே கண்டுபிடித்து, சாணியோடு வேப்பிலை அரைத்துப் பூசினேன். மறுபடி அது அந்தப் பக்கம் வரவில்லை.

மாமியாருக்குக் கை அலுத்தால் கண்ணாடி சாய்ந்துவிடும். அப்போது வெளிச்சம் கொல்லைக்கு அப்பால் வாய்க்கால் கரையில் போய் விழும். அது அவருக்கும் தெரியாது, உள்ளே இருந்த எனக்கும் தெரியாது.

மேட்டூர் திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்த சமயம். என் வீட்டுக்காரர் வாய்க்கால் வெட்டப் போயிருந்தார். கொல்லைப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. காரியக்காரர். பின்னால் பண்ணையாட்கள் இரண்டு பேர். நான் பரணிலிருந்து இறங்கிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவரோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தினம் காலையில கரையில வந்தா என் மூஞ்சியில வெளிச்சம் அடிக்குது. அக்கரையில சங்கத்து ஆளுவ உக்காந்திருக்கானுவ. யாருக்கு இங்கேருந்து சைகை காட்டுறீங்க?"

"எனக்கு முட்டியே மடங்கல. நான் சங்கத்துக்குச் சைகை காட்டுறனா?" என்றார் மாமியார். முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"விதைக்கு வழியைக் காணோம். சங்கத்தை வச்சு நிலத்தைப் புடிச்சுக்கலாம்னு பாக்குறீங்க. இந்த வருஷம் இது தரிசுதான்னு ஊரே சொல்லுது."

ஊருக்குச் சொன்னதே அவர்தான். நான் கதவுக்குப் பின்னாலிருந்தே, "விதை இருக்குங்க" என்றேன்.

"என்னது?"

"விதை இருக்குங்க. அதைப் பாக்கத்தாங்க வெளிச்சம். அத்தே, பிடிங்க."

மாமியார் கண்ணாடியைத் திருப்பினார். இத்தனை நாள் பழகிய கை, சரியாகப் போய் டின்னில் நிறுத்தியது. கதவருகே நின்ற மூன்று பேருக்கும் பரண் தெரிந்தது. மெழுகு கலையாத கோட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"அடேங்கப்பா! ஒண்ணுலகூட ஓட்டை இல்லீங்களே" என்றான் பண்ணையாட்களில் ஒருவன். காரியக்காரர் அவனைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"கண்ணாடியை ஒழுங்காப் புடிங்க. போறவன் வர்றவன் கண்ணைக் கெடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

"போயிட்டு வாங்க. வழிக்கு வெளிச்சம் வேணும்னா சொல்லுங்க, காட்டுறேன்" என்றார் மாமியார்.

பொழுது சாய்வதற்குள் அந்தப் பண்ணையாட்கள் வழியாகவே எங்கள் பரண் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு தரிசு என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. தண்ணீர் வந்தது. கோட்டைகளைப் பிரித்து ஊறவைத்து, சாக்கில் கட்டி வைத்தோம். சாக்கைத் திறந்தபோது சூடும் வாசனையுமாக வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

நடவன்று பெண்களோடு நானும் வயலில் இறங்கியிருந்தேன். நாற்றுக் கட்டைப் பிரித்த ஒருத்தி, "என்னா செழிப்பு! எங்க வாங்குன விதைண்ணே?" என்று வரப்பில் நின்ற என் வீட்டுக்காரரைக் கேட்டாள். என்னைப் பற்றி வெளியாரிடம் ஒரு சொல் நல்லதாகச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"வாங்குனது இல்ல. எங்க பரண்ல இருந்தது. அவ வெயிலைப் பரண்ல ஏத்திக் காப்பாத்துனது" என்றார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் நிமிரவில்லை. முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று, இன்னும் நன்றாகக் குனிந்து நட்டுக்கொண்டே போனேன்.